சிங்கிள்ஸ்பீடு எம்டிபி: செயின் கழண்டுகிட்டே இருக்கு, அவசரம்

கோவை_ஒத்தகியர்:
வணக்கம்ங்க. சிங்கிள்ஸ்பீடு எம்டிபில, அதாவது ஒரே கியர் இருக்கற மவுண்டன் பைக்ல, செயின் கழண்டுகிட்டே இருக்கு. புது செயின் தான், டைட்டா தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ஏறுறோம், கூட வர்றவங்க எல்லாம் கியர் வண்டி, நான் மட்டும் கையெல்லாம் கிரீஸோட ஓரமா நிக்க முடியாதுங்க. முன்னாடி ரிஜிட் போர்க், சஸ்பென்ஷன் இல்ல, குலுக்கல் அதிகம், அதனாலயா? சீக்கிரம் சொல்லுங்க

பஞ்சர்பெட்டி:
எந்தப் பக்கம் கழலுது, முன்னாடி செயின்வீல்லயா பின்னாடி பல்லுலயா? ஏறும்போதா இறங்கும்போதா? எத்தன பல்லு? கம்பெனியே சிங்கிள்ஸ்பீடா குடுத்ததா, இல்ல கியர் வண்டிய மாத்துனதா? போட்டோ போடுங்க.

மண்ரோடு:
டென்ஷனர் தான் ப்ரோ, செயின தொங்காம இழுத்துப் பிடிக்குமே அது, வேற எதுவும் இல்ல. எனக்கும் இதே கதை தான். ஸ்பிரிங் டென்ஷனர் கல்லு ரோட்ல ஆடும், அது ஆடுனா செயின் குதிக்கும், அவ்ளோ தான். அத கழட்டி வீசிட்டு ஹாஃப் லிங்க் ஒண்ணு வாங்கி போடுங்க. சாதா செயின்ல ஒரு இஞ்ச் ஒரு இஞ்சா தான் கூட்டிக் குறைக்க முடியும், ஹாஃப் லிங்க் இருந்தா அரை இஞ்ச். லக் இருந்தா டென்ஷனரே இல்லாம கச்சிதமா உக்காரும்.

பஞ்சர்பெட்டி:
டென்ஷனர் இருக்குனு அவர் எங்க சொன்னாரு?

மண்ரோடு:
இருக்கும் பாருங்க

கொண்டைஊசி70:
இந்தக் கேள்வி மாசா மாசம் வருது, தேடிப் பாத்துட்டு கேக்கற பழக்கமே போச்சு. "டைட்டா இருக்கு"னா என்ன அர்த்தம் தம்பி? நடுவுல விரல வச்சு தள்ளுனா அரை இஞ்ச் ஆடணும். பெடல மெதுவா முழு சுத்து சுத்திப் பாத்தியா? செயின்வீல் நடு தப்பி உக்காந்திருந்தா ஒரு எடத்துல முறுக்கும், ஒரு எடத்துல தொங்கும். போல்ட்ட லேசா லூஸ் பண்ணி, செயின் முறுக்கற எடத்துல ஒரு தட்டு தட்டி, திரும்ப டைட் பண்ணணும். அமெரிக்க சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் இதெல்லாம் எப்பவோ எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு, படிக்கத் தான் ஆள் இல்ல. கொல்லிமலை 70 வளைவும் ஒத்த கியர்ல ஏறுனவன் நான், ஒரு தடவ கூட கழண்டதில்ல.

கோவை_ஒத்தகியர்:
சாரிங்க, ஆபீஸ்ல இருந்தேன். பழைய 26 இஞ்ச் வண்டி, 24 கியர் இருந்துச்சு, சிங்கிள்ஸ்பீடு கிட் வாங்கி மாத்துனது. 32-16, முன்னாடி 32 பல்லு, பின்னாடி 16. டென்ஷனர் இருக்கு. முன்னாடி தான் கழலுது, உள்பக்கமா பிரேம் மேல விழுது, பெயிண்ட் போச்சு. ஏத்தத்துல அவ்வளவா இல்ல, இறக்கத்துல கல்லு ரோடுனா உடனே. போட்டோ சாயந்தரம் போடறேன்

மண்ரோடு:
டென்ஷனர் இருக்கு. சொன்னேன்ல 😎

நட்டுபோல்டு:
உள்பக்கமா விழுதுனா முதல்ல செயின்லைன பாருங்க, அதாவது முன் பல்லும் பின் பல்லும் ஒரே நேர்கோட்டுல இருக்கானு. பின்னாடி பல்லு ரொம்ப உள்ள தள்ளி இருந்தா செயின் அந்தப் பக்கமே இழுத்துட்டு இருக்கும், கல்லுல ஒரு குதி குதிச்சா போதும். அளக்கறது ஈஸி தான். பின் ஹப் அகலம் 135 எம்எம்னா பாதி 67.5. ஹப் லாக்நட்டோட வெளி முகத்துல இருந்து பல்லோட நடு வரைக்கும் அளந்து அத 67.5ல கழிங்க. முன்னாடி சீட் டியூப் நடுவுல இருந்து செயின்வீல் நடு வரைக்கும். மூணு வீல் இருக்கற பழைய ட்ரிப்பிள் கிராங்க்ல நடு வீல் 47.5 இல்லாட்டி 50 வரும். ரெண்டு அளவும் ஒத்துப் போகணும், 1 எம்எம் முன்னபின்ன பரவால்ல. பின்னாடி பல்லுக்கு வெளிய இருக்கற ஸ்பேசர் வளையத்துல ஒண்ண எடுத்து உள்ள போட்டா பல்லு வெளிய வரும். காசு செலவே இல்ல.

இன்னொண்ணு, அந்த 32 ட்ரிப்பிள்ல இருந்த நடு வீல் தானே? உத்துப் பாருங்க, சில பல்லு குட்டையா வெட்டி இருக்கும், பக்கத்துல சின்னதா பின் அடிச்சிருக்கும். செயின் சட்டுனு ஏறி இறங்கணும்னே அப்படி பண்றது, சிங்கிள்ஸ்பீடுக்கு அது எதிரி. டென்ஷனர் இருக்கறதால டைட் லூஸ் மேட்டர் இங்க பெருசா இல்ல.

மண்ரோடு:
அப்ப நேரோ-வைட் செயின்வீல் போட்டுட்டு கூட ஹாஃப் லிங்கும் போட்டா மேட்டர் ஓவர்

நட்டுபோல்டு:
ரெண்டும் சேராதுங்க. நேரோ-வைட்ல ஒரு பல்லு அகலம், அடுத்தது ஒல்லி, செயின்லயும் வெளி லிங்க் உள் லிங்க் மாறி மாறி வந்தா தான் உக்காரும். நடுவுல ஒரே ஒரு ஹாஃப் லிங்க் வந்தா கூட வரிசை மாறி அகலப் பல்லு மேல ஒல்லி லிங்க் ஏறி நிக்கும்.

பழைய_டயர்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். 24 கியர் வண்டிய வாங்கி, கியர கழட்ட காசு குடுத்து, அப்புறம் செயின் நிக்கலனு இங்க வந்து கேக்கறது என்ன டிசைன்? எங்க ஊர் பால்காரர் சைக்கிள்லயும் கியர் இல்ல சஸ்பென்ஷன் இல்ல, ரெண்டு கேன் தொங்குது, ஜம்முனு ஓடுது.

கொண்டைஊசி70:
அது 44-18, 28 இஞ்ச் வீல், கிட்டத்தட்ட 68 கியர் இஞ்ச் (முன் பல்ல பின் பல்லால வகுத்து வீல் இஞ்சால பெருக்கறது, கூட இருந்தா மிதி கனம்). அத எடுத்துட்டு கோத்தகிரி ரோட்ல வாங்க, பேசுவோம்.

பழைய_டயர்:
நான் ஏன் வரணும், ஏறணும்னா பஸ் இருக்கு. பால்காரர் சைக்கிள்ல பின்னாடி செயின் அட்ஜஸ்டர் இருக்கு, ஆக்சில பின்னுக்கு இழுத்து நட்ட முறுக்குனா முடிஞ்சுது. உங்க பிரேம்ல ஆக்சில நகத்தவே எடமில்ல, அதான் டென்ஷனர தொங்க விடறீங்க.

நட்டுபோல்டு:
இந்தப் பாயிண்ட் கரெக்ட். சிங்கிள்ஸ்பீடுக்குனே செஞ்ச பிரேம் நிறையதுல அதே முறை தான்.

மண்ரோடு:
ஆனா மவுண்டன் பைக்கே கியர் இல்லாம தான் ஆரம்பிச்சுது. 1976ல கலிபோர்னியால ரீபேக்னு மலை இறங்கற ரேஸ், எல்லாம் பழைய ஷ்வின் கம்பெனி சைக்கிள் மாதிரி ஒத்த கியர் வண்டி, பெடல பின்னுக்கு மிதிச்சா பிடிக்கற கோஸ்டர் பிரேக். இறங்கி முடிக்கறதுக்குள்ள ஹப்புல கிரீஸ் புகையா போயிரும், திரும்ப கிரீஸ் அடைக்கணும், ரீபேக்குனு பேரு வந்ததே அதனால தான்.

கொண்டைஊசி70:
அவங்க இறங்கத் தான் அத ஓட்டுனாங்க. மேல கொண்டு போனது வண்டில ஏத்தி, இல்ல தள்ளிக்கிட்டு. மிதிச்சே ஏறணும்னு ஆசை வந்ததும் கியர மாட்டிட்டாங்க. வரலாற பாதி படிச்சுட்டு பேசக்கூடாது.

மண்ரோடு:
அப்ப நீங்க ஏன் மாட்டல

பஞ்சர்பெட்டி:
சண்டை அப்புறம். கேட்டவர் 32-16ல கோத்தகிரி ஏறப் போறாரு, அத ஒருத்தரும் கேக்கல. 26 வீலுக்கு அது 52 கியர் இஞ்ச், அத்தன கிலோமீட்டர் ஏத்தத்துக்கு முட்டி என்னத்துக்கு ஆகும்? பின்னாடி 20 பல்லு போடுங்க, 42கிட்ட வரும். செயின் ஒரு இஞ்ச் கூட தேவப்படும், மாட்டும்போது வெட்டுன துண்டு இருந்தா வச்சிருங்க. போட்டோ எங்க?

கோவை_ஒத்தகியர்:
அளந்தேங்க, 4 எம்எம் உள்ள இருந்துச்சு. ஸ்பேசர் மாத்திட்டேன், நேத்து கல்லு ரோட்ல இறக்கிப் பாத்தேன், கழலல. 20 கெடைக்கல, 18 தான் கெடச்சுது. நட்டுபோல்டு அண்ணாவுக்கு நன்றி. காலைல 5 மணிக்கு கெளம்பணும், வர்றேன்

நட்டுபோல்டு:
சந்தோசம். அந்த 18 தகடு மாதிரி ஒல்லியா இருக்கறதா, அடி அகலமா இருக்கறதா? ஒல்லினா, அத மாட்டற ஃப்ரீஹப் அலுமினியமா இருந்தா அதுல பள்ளம் விழற மாதிரி கடிச்சிரும். ஒத்த கியர்ல மொத்த மிதியும் அந்த ஒரே எடத்துல தான் விழும். வந்ததும் கழட்டிப் பாருங்க.

பஞ்சர்பெட்டி:
ஏறி முடிச்சாரா? ஆளையே காணோம்.

மண்ரோடு:
4 எம்எம்முக்கெல்லாம் கழலாதுங்க. எனக்கு இன்னும் அந்த டென்ஷனர் மேல தான் சந்தேகம்.