படத்துக்கு உண்மையான கருத்து எழுதுவது எப்படி? (பாட்டி படமும் என் வரைவும்)

பனித்துளி
வணக்கம். படம் எடுக்கப் பழகுற ஏழெட்டுப் பேர் சேர்ந்து, வாரம் ஒரு படம் போட்டு, ஒருத்தர் படத்துக்கு இன்னொருத்தர் கருத்து எழுதுறோம். "அருமை", "செம", கைதட்டல் பொம்மை, இதைத் தாண்டி எதுவும் வர்றதில்ல.

இந்த வாரப் படம்: ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற பாட்டி, முக்கால் முகம். தலைக்கு நேர் பின்னால அலமாரியோட விளிம்பு. முழு ஃப்ரேம் கேமரா (பெரிய சென்சார் இருக்கிறது), 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8 (லென்ஸ் துளை அளவு, எண் ஏறினா துளை சின்னதாகும்), ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ 400 (வெளிச்சத்துக்கான உணர்திறன்). சுமார் 1 மீட்டர் தூரம்.

நான் எழுதி வெச்சிருக்கிறது இது, இன்னும் போடல: "படம் டல்லா இருக்கு. கை ஆடிடுச்சு போல, ட்ரைபாட் (முக்காலி) வெச்சு எடுங்க. காம்போசிஷன் (படத்துல எது எங்க இருக்குங்கிற அமைப்பு) இன்னும் நல்லா பண்ணலாம்." மனசு நோகுமோன்னு தயக்கமா இருக்கு. எப்படி மென்மையாக்கலாம்?

மூன்றாம்பிறை
மென்மையை விடுங்க, உங்க கணிப்பே தப்பா இருக்கும்னு தோணுது. 50 மி.மீ. லென்ஸைக் கையில பிடிச்சு எடுக்க 1/50-ஐவிட வேகமான ஷட்டர் போதும்ங்கிறது பழைய கணக்கு. படம் எடுத்தவர் 1/200 வெச்சிருக்கார். இதுல கை ஆட்டம் தெரியுறது அபூர்வம். உங்க பேச்சைக் கேட்டு அவர் ட்ரைபாட் வாங்குவார், அடுத்த படமும் இதே மாதிரிதான் வரும்.

படத்தை 100 சதவீத அளவுல திறந்து பாருங்க. கை ஆடியிருந்தா மொத்தப் படமும் ஒரே திசையில இழுபட்டிருக்கும், கண்ணுல விழுந்த வெளிச்சப் புள்ளிகூட குட்டிக் கோடா மாறியிருக்கும். ஆள் அசைஞ்சிருந்தா அலமாரி சுத்தமா இருக்கும், ஆள் மட்டும் கலைஞ்சிருப்பார். ஃபோகஸ் தவறியிருந்தா முன்னாலயோ பின்னாலயோ ஏதாவது ஒரு இடம் நல்லா கூர்மையா இருக்கும். அது எந்த இடம்னு பார்த்துச் சொல்லுங்க.

பனித்துளி
பார்த்தேன். காதோரத்து நரைமுடியை ஒவ்வொண்ணா எண்ணலாம். தோடும் பளிச்சுனு இருக்கு. கண் இமைதான் குழைஞ்சிருக்கு.

மூன்றாம்பிறை
அப்போ ஃபோகஸ் காதுல விழுந்திருக்கு. 1 மீட்டர்ல 50 மி.மீ., எஃப் 1.8-னா முழு ஃப்ரேம்ல கூர்மையா வர்ற ஆழம் மொத்தமே 4 செ.மீ. சுமார். முக்கால் முகத்துல காதுக்கும் கண்ணுக்கும் நடுவுல அதைவிட அதிக ஆழம் இருக்கு. ரெண்டும் ஒண்ணா கிடைக்காது.

வழி ரெண்டு. ஃபோகஸ் புள்ளியைக் கேமராவுக்குப் பக்கத்துல இருக்கிற கண்ணுல வைக்கலாம், கண்ணைத் தேடிப் பிடிக்கிற வசதி கேமராவுல இருந்தா அதைப் போடலாம். இல்லன்னா எஃப் 4-க்குப் போகலாம், ஆழம் 9–10 செ.மீ. ஆயிடும். ஆனா வெளிச்சம் அஞ்சுல ஒரு பங்காக் குறையும். 1/200-லயே நின்னா ஐஎஸ்ஓ 2000 வேணும். ஷட்டரை 1/100-க்கு இறக்கினா ஐஎஸ்ஓ 1000 போதும், உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு அது தாங்கும்.

நிழற்குடை
"டல்" என்ற சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வெளிச்சம் குறைவா, கருப்பு கருப்பாக இல்லாமல் சாம்பலாகக் கிடக்கிறதா, நிறம் வெளிறியிருக்கிறதா? மூன்றும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. ஹிஸ்டோகிராமை (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பாருங்கள். குவியல் முழுவதும் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால் வெளிச்சக் குறைவு. நடுவில் மட்டும் குவிந்து இரண்டு ஓரமும் காலியாக இருந்தால் கான்ட்ராஸ்ட் (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு) குறைவு. (மூடுபனிப் படத்தில் இப்படித்தான் இருக்க வேண்டும், அங்கே இதைக் குறையாகச் சொல்லிவிடாதீர்கள்.) நிறம் மட்டும் செத்திருந்தால், படத்தை அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிற அமைப்பில் சேமித்திருக்கிறாரா என்று கேளுங்கள். நிற விவரத்தைப் படிக்காத செயலிகளில் அது வெளிறித்தான் தெரியும். எல்லாத் திரைக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபியில் மறுபடி சேமித்தால் தீர்ந்தது.

இன்னொன்று, நீங்கள் பார்ப்பது எந்தக் கோப்பு? மெசேஜ் ஆப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கி, நுண்விவரம் போய்த்தான் வந்து சேரும். அதை வைத்துக் கூர்மையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். உங்கள் திரையில் இரவு நேர மஞ்சள் வெளிச்சம் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அதை மறந்துவிட்டு "ஸ்கின் டோன் மஞ்சளா இருக்கு" என்று எழுதுபவர்கள் ஏராளம்.

பனித்துளி
டாக்குமென்டாதான் வந்துச்சு, ஹிஸ்டோகிராமும் பரவாயில்ல. மஞ்சள் நிஜமாவே இருக்கு, ஆனா ஒரு கன்னத்துல மட்டும். இன்னொரு கன்னம் லேசா நீலம்.

நிழற்குடை
அறையில் குண்டு பல்பு எரிந்திருக்கும். ஜன்னல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் அலகு, எண் குறைந்தால் மஞ்சள்), பல்பு 2700–3000. ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு கன்னம் சரியாகும், மற்றது கெடும். "பல்பை அணைத்துவிட்டு, நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளை அட்டையைப் பிடியுங்கள்" என்று எழுதுங்கள். ஒரே வரிதான், அடுத்த முறை அப்படியே செய்து பார்க்கலாம். உங்களுக்கு "டல்" என்று பட்டது பெரும்பாலும் இதுதான்.

கல்தூண்
காம்போசிஷன் பத்தி யாரும் சொல்லல. "இன்னும் நல்லா பண்ணலாம்"னா எதை? இதுக்குக் கருத்து சொல்லாமலே இருந்திருக்கலாம். கூடவே மூணில் ஒரு பங்கு விதியை (முக்கியமானதை நடுவுல வைக்காம மூணில் ஒரு பங்குக் கோட்டுல வைக்கணும்ங்கிறது) எடுத்துட்டு வராதீங்க. நடுவுல இருக்கிற முகம் குறை இல்ல.

நான் செய்யுறது: தலைப்பைப் படிக்காம அரை நிமிஷம் படத்தை மட்டும் பார்ப்பேன். கண் முதல்ல எங்க போச்சு, அடுத்து எங்க, எந்த ஓரம் வழியா வெளிய போச்சுன்னு குறிச்சுக்குவேன். அப்புறம் படத்தை நகம் அளவுக்குச் சுருக்குவேன். அந்த அளவுலயும் துருத்திக்கிட்டு நிக்கிறது எதுவோ அதுதான் பிரச்சினை. இங்க அது அலமாரி விளிம்பாத்தான் இருக்கும், தலையில குச்சி நட்ட மாதிரி. கேமராவை அரையடி வலது பக்கம் நகர்த்தினா விளிம்பும் தலையைவிட்டு வலது பக்கம் விலகும். இடது பக்கம் போனா இடது பக்கம். ஜன்னல் எந்தப் பக்கமோ அதுக்கு எதிர்ப்பக்கமா விளிம்பு போற மாதிரி நகரச் சொல்லுங்க.

ஜன்னல் வெளுத்துப் போச்சுன்னு எழுதப் போறீங்கன்னா கொஞ்சம் பொறுங்க. வெளிய என்ன இருக்குன்னு இந்தப் படத்துக்குத் தேவையே இல்ல. கன்னத்து ஓரம் வெளுத்து, தோலோட கோடு காணாம போயிருந்தா மட்டும் சொல்லுங்க.

மூன்றாம்பிறை
கல்தூண் சொன்னதுல ஒரு இடத்துல மாறுபடுறேன். ஜன்னல் கண்ணை இழுக்குதுன்னா அதையும் சொல்லணும், விளிம்பைவிட அது பெருசு. குறைன்னு வேணாம், "என் கண் முகத்துக்கு முன்னாடி ஜன்னலுக்குப் போச்சு"ன்னு எழுதினா போதும். வேணும்னுதான் விட்டாரா இல்லையான்னு அவருக்குத் தெரியும்.

அகல்விளக்கு
கருத்தை வாங்கிக்கிறவங்க பக்கமும் கொஞ்சம் பார்க்கணும். "எப்படி இருக்கு?"ன்னு கேட்டா "அருமை"தான் வரும். "பார்வை முதல்ல கண்ணுக்குப் போகுதா, நிழல் பக்கம் ரொம்ப இருட்டா?"ன்னு கேட்கச் சொல்லுங்க. ஒரு தடவைக்கு ஒரு படம், எக்சிஃபோட (கேமரா அமைப்புகள் பதிவாகிற விவரம்), எடிட் பண்ணினதா இல்லையான்னு குறிப்போட.

கருத்து வந்ததும் "அன்னிக்கு வெளிச்சம் சரியில்ல"ன்னு விளக்கம் கொடுக்கிறது வீண், பார்க்கிறவங்களுக்கு அன்னிக்கு என்ன நடந்ததுன்னு தெரியாது. மூணு பேர் ஒரே இடத்தைக் காட்டினா அந்த இடத்துல ஏதோ இருக்கு. ஆனா அவங்க சொல்ற தீர்வு மூணும் மூணு விதமா இருக்கும், இங்க நடந்த மாதிரி. இடத்தை எடுத்துக்கிட்டு தீர்வை அவரே சோதிச்சுப் பார்க்கட்டும்.

பனித்துளி
மாத்தி எழுதினது: "நிழல் பக்கத்துச் சுருக்கங்கள் நல்லா வந்திருக்கு, ஜன்னல் வெளிச்சத்தைப் பக்கவாட்டுல வாங்கினதாலதான் அது. ஃபோகஸ் காதுல விழுந்திருக்கு, தோடு கூர்மை, கண் இல்ல. புள்ளியைக் கண்ணுல வைங்க, இல்லன்னா எஃப் 4-ல எடுங்க. பல்பை அணைச்சா ரெண்டு கன்னமும் ஒரே நிறமாகும். அலமாரி விளிம்பு தலையில நிக்குது, அரையடி நகர்ந்தா போயிடும். என் கண் முதல்ல ஜன்னலுக்குத்தான் போச்சு, அது வேணும்னு விட்டதா?"

மூன்றாம்பிறை
போடலாம். எஃப் 4-க்குப் பக்கத்துல ஐஎஸ்ஓ கணக்கையும் சேர்த்துடுங்க. இல்லன்னா அடுத்த வாரம் இருட்டுப் படம் வரும்.