பழைய வெப்லி .32 பிஸ்டலில் 1600 பார் அழுத்தத் தோட்டா போடலாமா?

வணக்கம். வெப்லி அண்ட் ஸ்காட், 1908 மாடல், .32 ஏசிபி. லைசென்ஸ் உண்டு, இடம் காட்பாடி. வழக்கமான தோட்டா கிடைக்காததால் பொங்கலிலிருந்து ஐரோப்பியத் தோட்டா போடுகிறோம். இரண்டிலும் குண்டின் எடை 71 கிரெயின்தான். ஆனால் சிஐபி (ஐரோப்பியத் தோட்டாத் தர அமைப்பு) உச்ச அழுத்தம் 1600 பார். அமெரிக்காவின் தர அமைப்பான சாமி (SAAMI) அளவு 20,500 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 1413 பார்.

மாற்றியதிலிருந்து காலிக் கேஸ் ரொம்பத் தூரம் தெறிக்கிறது. கேஸ் வாய் நசுங்குகிறது. ஃபிரேமில் ஸ்லைடு (சுடும்போது பின்னோக்கி நகரும் மேல்பாகம்) மோதும் விளிம்பு பளபளவென்று தட்டுப்பட்டு, நகத்தால் தடவினால் மேடு தட்டுகிறது. பிரைமர் (கேஸ் அடியில் உள்ள பற்றவைக்கும் மூடி) தட்டையாகவில்லை, கேஸ் அடியும் உப்பவில்லை. அதனால் சேம்பரைவிட (தோட்டா உட்காரும் அறை) ஸ்பிரிங் மேல்தான் சந்தேகம். இது லாக் இல்லாத புளோபேக், அதாவது தோட்டாவின் உந்துதலிலேயே ஸ்லைடு பின்னே போகும். ஸ்லைடின் எடையும் வலது கிரிப்புக்குள் உள்ள 'வி' ஸ்பிரிங்கும்தான் அடியைத் தாங்க வேண்டும்.

பேரல், சேம்பர் சுத்தம் செய்தாச்சு. ஸ்லைடை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பொடி பூசிப் பார்த்தோம். விரிசல் கோடு தெரியவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இல்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. வேலூரில் விசாரித்த கடையில் "தாராளமா போடலாம்" என்றார்கள், காரணம் சொல்லவில்லை. மாற்று ஸ்பிரிங்கும் அங்கே இல்லை. இப்போது சுடுவதை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

புது 'வி' ஸ்பிரிங் போட்டால் இந்த மாடல் 1600 பார் தோட்டாவைத் தொடர்ந்து தாங்குமா, இல்லை குறைந்த அழுத்தத் தோட்டா மட்டும்தானா?