பனிக்காட்டில் ஒரு கற்பூர மரம்: வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

குன்னூர்க்காரி, லீட்ஸ்

குன்னூரில் எங்கள் வீட்டுக்குக் கீழே தைலம் காய்ச்சும் கொட்டகை ஒன்று இருந்தது. செப்பு அண்டாவில் இலையைத் திணித்து மூடி, முன்பே காய்ச்சி உலர்த்திய சக்கை இலையை அடுப்பில் எரிப்பார்கள். மழைக்காலத்தில் அந்தப் புகை வீட்டுக்குள் வந்துவிடும். என் பள்ளிச் சீருடையிலும் அதே வாசம். இங்கிலாந்தில் சொந்த வீடு வாங்கியதும் முதலில் வைக்க ஆசைப்பட்டது கற்பூர மரத்தைத்தான். யூகலிப்டஸை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

நீலகிரியில் இருக்கும் குளோபுலஸ் வகை இந்த ஊர்க் குளிருக்கு நிற்காது. நிற்பது சைடர் கம் என்ற இன்னொரு யூகலிப்டஸ் வகை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் மேட்டு நிலத்து மரம் அது. பட்டையைக் கீறினால் இனிப்பான சாறு வடியும். அங்கேயே அது புளித்துக் கள் போல ஆகும், அந்த மண்ணின் பூர்வகுடிகள் அதைக் குடித்தார்கள். சைடர் என்றால் ஆப்பிள் கள், பெயர் அதனால் வந்ததுதான். ஊன்றிவிட்ட மரம் உறைநிலைக்குக் கீழே பத்து டிகிரி போனாலும் தாங்கும்.

ஊன்றுவதற்குள்தான் பாடுபட்டேன். 2017 ஆகஸ்டில் நட்டேன். சீக்கிரம் வளரட்டும் என்று ரோஜாவுக்கு வாங்கிய உரத்தையும் போட்டேன். தளதளவென்று வந்தது. அடுத்த வருடம் பிப்ரவரி கடைசியில் கிழக்கிலிருந்து பனியும் காற்றும் சேர்ந்து அடித்ததே, நினைவிருக்கிறதா? ஒரே வாரத்தில் இலையெல்லாம் பழுப்பாகி, தொட்டால் நொறுங்கியது. பிடுங்கிவிடலாம் என்றார் வீட்டுக்காரர். எனக்கு மனசு வரவில்லை. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். மேலே பழுப்பு, இன்னும் கீழேயும் பழுப்பு, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் மட்டும் பச்சை. அந்தப் பச்சையை நம்பி விட்டுவிட்டேன்.

ஜூன் மாதம் அடியிலிருந்து துளிர்த்தது. தண்டின் அடியில் கிழங்கு போல ஒரு புடைப்பு இருக்கும், உயிரை அங்கேதான் வைத்திருக்கிறது இந்த மரம். மாவு பூசினாற்போல் வெளிறிய இலைகள், காசு போல வட்டமாக, எதிரெதிரே ஜோடி ஜோடியாக. அன்று ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தேன். நீலகிரித் தைலத்தின் காரம் இதில் இல்லை, கொஞ்சம் மெலிந்த வாசம்தான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

வடலி, நியூகாசில்

அக்கா, எங்கட மரம் பிழைக்கேல்ல. ஆளுயரத்துக்கு மேல வளர்ந்த கன்று ஒன்றைத் தொட்டியோட வாங்கி வைச்சம். பார்க்க நல்ல வடிவு. நாலு வருசம் நின்றது. 2021 நவம்பரில அர்வென் புயல் வந்த இரவு, வேரோட சாய்ஞ்சு வேலிக்கு மேல கிடந்தது. விடியப் போய்ப் பார்த்தால் வேர் எல்லாம் தொட்டியின்ர வடிவத்திலேயே வட்டமாச் சுருண்டு இருக்கு. நாலு வருசத்தில ஒரு வேர்கூட மண்ணுக்குள்ள நேராப் போகேல்ல. இந்த மரம் மேல வளர்ற வேகத்துக்கு வேர் பிடிக்காட்டி காற்றுக்கு என்னெண்டு நிற்கும்? பெரிய கன்று வாங்காதேங்கோ. ஒரு சாண் கன்று வாங்கி, பனி முடிஞ்சு மே மாதத்தில நடுங்கோ. கம்பு கட்டினாலும் கன காலம் விடாதேங்கோ. ஆடி ஆடித்தான் அடி தடிக்கும்.

கீரைப்பாத்தி, லண்டன்

நான் குளோபுலஸையே விதை போட்டு வளர்க்கிறேன், மரமாக அல்ல. இந்த நாட்டுப் பூங்காக்களில் கோடைப் பாத்திகளுக்கு அதை வைப்பது பழைய வழக்கம். தை மாதம் ஜன்னலோரம் விதைத்தால் கோடை முடிவதற்குள் இடுப்பளவு வந்துவிடும். உறைபனி விழுந்ததும் போய்விடும். சளி பிடித்தால் நாலு இலையை வெந்நீரில் போட்டு ஆவி பிடிப்பேன்.

நிலத்தில் வைப்பவர்களுக்கு ஒன்று: லண்டன் களிமண்ணாக இருந்தால் வீட்டை ஒட்டி வேண்டவே வேண்டாம். தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும் மரம். களிமண் காய்ந்தால் சுருங்கும், அஸ்திவாரம் இறங்கும்.

குன்னூர்க்காரி, லீட்ஸ்

வடலி, படித்ததும் கஷ்டமாக இருந்தது. சாய்ந்த அடிக்கட்டையை அகற்றாமல் விட்டிருந்தால் ஒருமுறை பாருங்கள், துளிர்த்திருக்கலாம்.

வெட்டுவது பற்றித் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். மார்ச் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டுகிறேன். முதல் வருடம் கை நடுங்கியது. அக்டோபருக்குள் என்னை விட உயரமாகிவிட்டது. வெட்டாமல் விட்டால் வட்ட இலை போய், நீண்ட இலை வரும், மரமும் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். எனக்கு வட்ட இலைதான் வேண்டும். வெட்டிய கிளைகளைக் கட்டி வாசலில் தொங்கவிடுவேன். தபால்காரர் கதவைத் தட்டும்போதெல்லாம் ஒரு தடவை முகர்ந்துவிட்டுத்தான் போவார்.