கற்பனைக் கேமராவுக்கு நெருக்கமாக எதை வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. நான் விரும்பும் ஃபிலிம் கேமராவை யாரும் தயாரிக்கவில்லை. ஒலிம்பஸ் ஓஎம்-1இன் அகன்ற வியூஃபைண்டரும் லென்ஸைச் சுற்றியுள்ள ஷட்டர் வேக வளையமும் வேண்டும்; அதற்குள் 1982இல் வந்த நிக்கான் எஃப்எம்2இன் 1/4000 நொடி ஷட்டர் இருக்க வேண்டும். மெரினாவின் உச்சி வெயிலில், 100 ஐஎஸ்ஓ ஃபிலிமில், லென்ஸ் துளையை எஃப்/2.8 என்று அகலமாகத் திறந்து வைத்து எடுக்க அந்த வேகம் தேவை. (ஆட்டோஃபோகஸ் பற்றித் தயவுசெய்து பேச வேண்டாம்!) பேட்டரி தீர்ந்தாலும் இரண்டிலும் ஷட்டர் இயங்கும், ஒளிமானி மட்டுமே நிற்கும்.

சமரசமாக எதை வாங்கலாம்? என் மனம் ஓஎம்-1 பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அது கேட்கும் 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. வைத்திருப்பவர்கள் மாற்றாக எதைப் போடுகிறீர்கள்? சென்னை ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை வேறு பிடிக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஷட்டர் வேகத்தையும் சரிபார்த்துத் தரும் பழுதுநீக்குபவர் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.