மறு: "நிலமுதலை" வேண்டாம், "நிமிர்தாள் முதலை" சரிவருமா?

ஐயா, வணக்கம். நிலத்தில் வாழ்ந்து அழிந்துபோன பழங்கால முதலைகளுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பது பற்றி நீங்கள் எழுதியதற்கு இது பதில்.

> தரையில் வாழ்ந்தவை என்பதால் நிலமுதலை என்றே வைத்துவிடலாம், எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரிந்துவிடும் என்பதே என் கவலை. இந்தச் சொல்லைப் படிக்கிற பள்ளிப் பிள்ளை, ஆற்றில் கிடந்த முதலை ஒன்று கரையேறி அங்கேயே தங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். நடந்ததோ நேர்மாறு. வட கரோலினாவில் எலும்பு கிடைத்து 2015இல் பெயர் சூட்டப்பட்ட கார்னுஃபெக்ஸ் என்ற முதலையின் பழைய உறவு, சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் வேட்டையாடித் திரிந்த விலங்கு. முதலை வம்சம் தொடங்கியதே நிலத்தில்தான், தண்ணீரில் இறங்கியது அப்புறம்.

அதனால் இடத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்ப்போம். முதலைப் பண்ணையில் கவனித்திருப்பீர்கள், அது வயிற்றைத் தூக்கி நாலு எட்டு வைத்தாலும் முழங்கை வெளிப்பக்கம் பிதுங்கியே இருக்கும், சற்று நேரத்தில் தொப்பென்று படுத்துவிடும். குறிஞ்சிப்பாட்டு இதைக் "கொடுந்தாள் முதலை" என்று இரண்டே சொல்லில் பிடித்திருக்கிறது. கொடுமை என்றால் இங்கே வளைவு, தாள் என்றால் கால். பிரேசிலில் கிடைத்து 1959இல் பிரைஸ் என்ற ஆய்வாளர் விவரித்த அராரிப்பேசூகஸ் என்ற பழங்கால முதலைக்கோ, நாய்க்கு இருப்பதுபோலக் கால்கள் உடம்புக்கு நேர் கீழே நின்றன. கொடுந்தாளுக்கு எதிர்ச்சொல் தேடினால் பாதி வேலை முடிந்தது.

கொடுங்கோலுக்கு எதிர் செங்கோல் என்பதால் முதலில் "செந்தாள் முதலை" என்றுதான் எழுதிவைத்தேன். ஓசை நன்றாக இருக்கிறது, இலக்கணமும் இடிக்கவில்லை. ஆனால் செங்கால் நாரை நம் மனத்தில் ஊறிப்போனது, செந்தாள் என்றதும் எல்லோரும் சிவப்புக் காலைத்தான் தேடுவார்கள். ஆகவே "நிமிர்தாள் முதலை". வினைத்தொகை என்பதால் வலி மிகாது, நிமிர்த்தாளா நிமிர்தாளா என்று நாளை யாரும் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கறாராக வைத்துக்கொள்ள வேண்டும்: கால் எலும்பு பார்த்து உறுதியானவற்றுக்கே இந்தப் பெயர். நைஜரில் கிடைத்து 2009இல் ஆய்வாளர்கள் செரீனோவும் லார்சனும் விவரித்த காப்ரோசூகஸ் என்ற பழங்கால முதலையின் காட்டுப்பன்றிக் கொம்பு போன்ற பற்கள் பேர்போனவை, ஆனால் அன்று கையில் இருந்தது அரை மீட்டர் நீள மண்டையோடுதான். அதைப் போய் நிமிர்தாள் என்று எழுதினால் நம் சொல்லே பொய் சொல்லும்.

நோட்டோசூக்கியா என்ற அழிந்துபோன முதலைக் கூட்டம் முழுவதற்கும் "தென்முதலை" போதும். கிரேக்கத்தில் நோட்டோஸ் என்றால் தெற்கு, எலும்புகளும் பெரும்பாலும் தென் கண்டங்களில் கிடைத்தவை. மடகாஸ்கரின் சிமோசூகஸ் இதில் ஒன்று, 2000இல் விவரித்தார்கள். மொட்டை மூக்கு, கிராம்பு மாதிரிப் பல், அதை வைத்துத் தழை தின்றது என்கிறார்கள். அதை ஒத்த ஒரு முதலையின் எச்சம் நம் அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டுப் பாறையிலும் இருப்பதாக 2013இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. தென்முதலை என்று எழுதும்போது அரியலூரும் அதற்குள் வருகிறது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அப்புறம் பல்லுக்கு. செபேக்கஸ் போன்ற பழங்கால முதலைகளின் பல் பக்கவாட்டில் தட்டையாக, ஓரத்தில் அரம்போன்ற நுண்ணிய வெட்டுகளோடு இருக்கும். இதற்கு நீங்கள் சொன்ன "தட்டைப்பல்" அரத்தை விட்டுவிடுகிறது. "வாட்பல்" என்போம். போர்வாளும் வாள்தான், தச்சர் மரம் அறுப்பதும் வாள்தான், இரண்டும் அந்த ஒரு பல்லில் இருக்கின்றன.