ஒரே டிரம்மர், இரண்டு பேஸ் கிட்டார்கள்: ஸ்குவையரா, வெட்டனா?

பழந்தந்தி:
1969இல் கிங் கிரிம்சன் குழுவின் முதல் இசைத்தட்டு வந்ததிலிருந்து 1981இல் ரஷ் குழுவின் 'மூவிங் பிக்சர்ஸ்' வந்தது வரையிலான காலத்தை எல்லையாக வைத்துக்கொண்டு, நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக் இசையான ப்ராக்ரஸிவ் ராக்கில் உங்களுக்கு மிகவும் பிடித்த பேஸ் (அடிச்சுர) கிட்டார் கலைஞர் ஒருவரை மட்டும் சொல்லிக் காரணத்தையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். பட்டியல் வேண்டாம், பத்துப் பெயரை அடுக்குவது தப்பித்துக்கொள்ளும் வழி.

என் தேர்வு யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவையர். 1971இல் வந்த 'ஃப்ராஜைல்' தட்டின் முதற்பாடலான 'ரவுண்டபவுட்'டில், மென்மையான கிட்டார் முகப்பு முடிந்து பேஸ் உள்ளே நுழையும் இடத்தைக் கேட்டவருக்கு வேறு சான்று தேவையில்லை. ஆனாலும் அந்த ஒலி எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் தம் ரிக்கன்பேக்கர் பேஸ் கிட்டாரின் இரண்டு பிக்கப்புகளையும் (தந்தியின் அதிர்வை மின்னொலியாக்கும் பகுதிகள்) தனித்தனியாகப் பிரித்து, அடியொலியைத் தெளிவாக ஓர் ஆம்ப்ளிஃபயருக்கும், மேலொலியைக் கரகரப்பாக்கி இன்னோர் ஆம்ப்ளிஃபயருக்கும் அனுப்பினார். விரலால் அல்லாமல் பிக்கால் (மீட்டும் சிறு வில்லையால்) மீட்டினார். மீட்டிய அந்த நொடியிலேயே கட்டைவிரலின் ஓரமும் தந்தியை உரசியதால், சுரத்தின் தலைமேல் கூர்மையான இன்னொரு ஒலியும் சேர்ந்து எழுந்தது. இதை என் கையால் செய்து பார்த்திருக்கிறேன். பிக்கின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி இறுகப் பிடித்தால்தான் கட்டைவிரல் தந்தியை எட்டும். சற்றே அழுந்தினால் ஒலி செத்துவிடுகிறது, எட்டாமல் போனால் வெறும் பிக் ஒலிதான் மிஞ்சுகிறது. மூன்று வாரம் பழகியும் பத்துக்கு மூன்று முறைதான் எனக்குச் சரியாக விழுந்தது. அவரோ அதைச் செய்துகொண்டே மேல்ஸ்தாயியில் துணைக்குரலும் பாடினார்.

மந்திரஸ்தாயி:
ஐயா, தாங்கள் எழுதியது ஒலியைப் பற்றியது. இசையைப் பற்றியது அன்று. அந்தக் கணீர் ஒலிக்கு அடிப்படையான ரவுண்ட்வவுண்ட் தந்தியை (உருண்டைக் கம்பி சுற்றிய தந்தி) 1966 அளவில் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து சீர்செய்தவர் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில். அவர் போட்ட பாதையில்தான் ஸ்குவையர் நடந்தார். நன்றாகவே நடந்தார் என்பதை மறுக்கவில்லை.

என் தேர்வு ஜான் வெட்டன். கிங் கிரிம்சனில் அவர் இருந்தது 1972 முதல் 1974 வரை மட்டுமே என்றாலும், 'ரெட்' தட்டின் கடைசிப் பாடலான 'ஸ்டார்லெஸ்' ஒன்றே போதும். பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் நீளும் அந்தப் பாடலில், பாட்டுப் பகுதி முடிந்ததும் பதின்மூன்று எண்ணிக்கையில் ஒரு பேஸ் சுற்று தொடங்குகிறது. அதன் மேல் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் ஒரே சுரத்தை மாறி மாறித் தட்டிக்கொண்டிருக்கிறார், பிறகு படிப்படியாக மேலே ஏற்றுகிறார். டிரம்மர் பில் புரூஃபோர்டு முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் தட்டுகிறார். தரையாக நிற்பது வெட்டனின் சுற்று மட்டுமே. அந்தச் சுற்று மாறுவதில்லை, அதன் எடைதான் கூடுகிறது. ஒரு கட்டத்தில் பேஸ் ஒலி உடைந்து உறுமத் தொடங்கும்போது அறையின் காற்றே கனத்துவிட்டதாகத் தோன்றும். 'என்னைப் பார்' என்று ஓரிடத்திலும் சொல்லாமல் ஒரு பாடலைத் தோளில் தூக்கிச் சுமப்பதைத்தான் நான் பேஸ் வாசிப்பு என்பேன்.

பழந்தந்தி:
நண்பருக்கு ஒரு செய்தியை நினைவூட்ட வேண்டியிருக்கிறது: தாங்கள் போற்றும் அந்தப் பதின்மூன்று எண்ணிக்கைச் சுற்றை அமைத்துக் கொடுத்தவர் வெட்டன் அல்லர், டிரம்மர் புரூஃபோர்டுதான். ஸ்குவையரோ 'ஃப்ராஜைல்' தட்டிலேயே, தாளத்தையும் குரலையும் தவிர மற்ற ஒலிகள் எல்லாவற்றையும் பேஸ் கிட்டாரிலிருந்தே எடுத்து, ஏழு எண்ணிக்கையில் 'தி ஃபிஷ்' என்ற முழுப் பாடலைக் கட்டினார். பிறர் கொடுத்த சுற்றை வாசிப்பதும் தாமே அமைப்பதும் ஒன்றாகுமா?

வழிப்போக்கன்:
ரஷ் குழுவின் கெடி லீயை ஏன் எவரும் சொல்லவில்லை? அமெரிக்காவின் கலமஸூ நகரத்து அடகுக் கடையில் 200 டாலருக்கு வாங்கிய 1972ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸை வைத்துக்கொண்டு 'மூவிங் பிக்சர்ஸ்' தட்டின் 'டாம் சாயர்' வாசித்தவர். மேடையில் பாடி, கீபோர்டு வாசித்து, அடிச்சுரம் எழுப்பும் மூக் டாரஸ் பெடலையும் காலால் மிதித்தவர். மூன்று பேர் குழுவில் ஐந்து பேர் வேலை நடந்தது.

மந்திரஸ்தாயி:
வழிப்போக்கன் சொல்வது திறமைக்குச் சான்று, ஐயமில்லை. ஆனால் எத்தனை வேலை செய்தார் என்பது இந்த இழையின் கேள்வி அன்று.

பழந்தந்தி அவர்களுக்கு: சுற்றை அமைத்தவர் புரூஃபோர்டு என்பது எனக்கும் தெரியும், என் வாதத்துக்கு அது துணையாகத்தான் நிற்கிறது. புரூஃபோர்டு 1972இல் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' பதிவு முடிந்ததும் யெஸ்ஸை விட்டுக் கிரிம்சனுக்கு வந்தவர். அதாவது இருவரோடும் வாசித்தவர். யெஸ்ஸில் அவருடைய ஸ்நேர் டிரம் உச்சத்தில் 'டக்' என்று சுருக்கமாக வெடித்து விலகிவிடுகிறது. நடுவில் உள்ள இடம் முழுவதையும் ஸ்குவையர் எடுத்துக்கொண்டுவிட்டதால், டிரம்மர் இடுக்கில் புகுந்து வாசிக்கிறார். கிரிம்சனில் அதே மனிதர் மௌனமாக இருக்கிறார், திடீரென்று பாய்கிறார், தகரத்தைத் தட்டுகிறார், தாளத்தை முறித்துப் போட்டுவிட்டு மீண்டும் பொறுக்கி எடுக்கிறார். கீழே வெட்டன் அசையாமல் நின்றதால்தான் அந்தச் சுதந்திரம் கிடைத்தது. டிரம்மரைக் கேட்டால் பேஸ் வாசிப்பவர் யாரென்று தெரிந்துவிடும்.

மிதிகட்டை:
தாமதமாக வருகிறேன். அசையாமல் நிற்பதுதான் அளவுகோல் என்றால், மந்திரஸ்தாயி ஜெனிசிஸ் குழுவின் மைக் ரதர்ஃபோர்டிடம் தோற்றாக வேண்டும். 1972இல் வந்த 'ஃபாக்ஸ்ட்ராட்' தட்டில் உள்ள 'சப்பர்ஸ் ரெடி'யின் ஒன்பது எண்ணிக்கைப் பகுதியைக் கேளுங்கள். டோனி பேங்க்ஸின் ஆர்கன் அந்தக் கணக்கைப் பற்றிக் கவலையே படாமல் தன் போக்கில் மிதந்து செல்ல, ரதர்ஃபோர்டு இரண்டு மூன்று சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு நிமிடக்கணக்கில் அதே இடத்தில் அடிக்கிறார். மேலே சுரக்கூட்டு மாற மாற, மாறாத அந்த அடிச்சுரத்தின் பொருள்தான் மாறிக்கொண்டே போகிறது. பல பாடல்களில் அவர் கையில் பன்னிரண்டு தந்திக் கிட்டார் இருக்கும். பேஸ் காலடிப் பெடலிலிருந்து வரும். வெட்டனிடமாவது உறுமல் இருக்கிறது. இவரிடம் அதுகூட இல்லை.

பழந்தந்தி:
இப்படியே போனால், வாசிக்காமலே இருந்தவர்தான் ஆகச் சிறந்த கலைஞர் என்று முடிப்பீர்கள் போலிருக்கிறது. அடக்கம் ஒரு குணம். அதையே இலக்கணமாக்கிவிட்டால் ஜென்டில் ஜயன்ட் குழுவின் ரே ஷுல்மன் எங்கே போவார்? இளமையில் வயலின் பயின்ற அவர், குரல்களுக்கு எதிர்ப்பண்ணாகத் தாமும் ஒரு தனிக் குரல்போல ஓடுவதால்தான் அந்தக் குழுவின் பின்னலே நிற்கிறது. பிரெஞ்சுக் குழுவான மேக்மாவின் ஜானிக் டாப் பேஸ் கிட்டாரைச் செல்லோவைப் போலச் சுருதி கூட்டி இரும்பு இழுப்பதுபோல் வாசித்தாரே, அவரை எந்த அடக்கத்தில் சேர்ப்பது? (பட்டியல் வேண்டாம் என்று சொன்னவனே பட்டியல் போடுகிறேன், மன்னிக்கவும்.)

டிரம்மரைக் கேட்கச் சொன்ன மந்திரஸ்தாயியின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது என் பக்கமும் பேசும். இடுக்கில் புகுந்து வாசிக்க நேர்ந்ததால்தான் யெஸ்ஸில் புரூஃபோர்டின் ஒவ்வோர் அடியும் அவ்வளவு துல்லியமாக விழுந்தது.

மந்திரஸ்தாயி:
அந்தத் துல்லியத்தைத் தாங்க முடியாமல்தானே அவர் வெளியேறினார்?

பழந்தந்தி:
அது குறும்பு. அவர் கிரிம்சனைத் தேடிப் போனதற்குக் காரணம் ஃப்ரிப், வெட்டன் அல்லர்.

நேற்றிரவு 'ஸ்டார்லெஸ்'ஸை ஹெட்ஃபோனில் மும்முறை கேட்டேன். முதல் முறை பதின்மூன்றை எண்ணிக்கொண்டே சென்று, கிட்டார் இரண்டாம் படி ஏறும்போது கணக்கைத் தவறவிட்டேன். இரண்டாம் முறை, புரூஃபோர்டு டிரம்மில் முழுதாக இறங்கியபோது தவறியது. மூன்றாம் முறை எண்ணுவதை விட்டுவிட்டு வெட்டனை மட்டும் பிடித்துக்கொண்டு சென்றேன். அப்போது ஓரிடத்திலும் தடுமாறவில்லை. இதைத் தங்களுக்கு ஒரு புள்ளியாக எழுதிக்கொள்ளலாம். என் வாக்கு இன்னும் ஸ்குவையருக்கே.