தன்முத்திரைக் கூடு, பிறமுத்திரைக் கூடு: ஒரு பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தொகுக்கும் துப்பாக்கி உறுப்புகளுக்கான தமிழ்ச் சொற்பட்டியலில் மேகசின் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் பொருத்தும் பெட்டி) என்பதற்கு ‘ரவைக்கூடு’ என்று வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஈழத்து வழக்கில் அது முன்பே புழங்குகிறது. தமிழகத்தார்க்குத் ‘தோட்டா’ என்பதே பழக்கம் என்பதால் ‘தோட்டாக்கூடு’ என்பதை இணைச்சொல்லாகக் கொள்ளலாம். மேகசின் என்பது கிடங்கைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டில்தான் அது ஏடுகளுக்கும் பெயராயிற்று. ஆகவே ‘கூடு’ மூலப்பொருளுக்கு மிக நெருக்கமாகவே நிற்கிறது.

என் கவலை அதற்கடுத்த இரண்டு சொற்களைப் பற்றியது. துப்பாக்கியைச் செய்த நிறுவனம் விற்கும் கூட்டையும், அதே துப்பாக்கிக்குப் பொருந்துமாறு வேறொரு நிறுவனம் விற்கும் கூட்டையும் விலையிலும் நம்பகத்திலும் ஒப்பிட்டு எழுதும்போது, ‘அசல்’, ‘மாற்று’ என்று பிரிக்கலாம் என்ற கருத்து இங்கே முன்வைக்கப்பட்டது. இதை நான் ஏற்கவில்லை. ஒன்றை அசல் என்று அழைத்த மாத்திரத்தில் மற்றது போலியென்று வாசகர் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஒப்பீடு தொடங்கும் முன்பே சொல் தீர்ப்பு வழங்கிவிடுகிறது. ‘ஆலைக்கூடு’ என்பதும் பொருந்தாது, ஏனெனில் இரண்டுமே ஆலையில்தான் உருவாகின்றன. ஆஃப்டர்மார்க்கெட் என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்த ‘பின்சந்தைக் கூடு’ என்பதை ஆங்கிலம் தெரியாத ஒருவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இத்தாலியின் மெக்-கார் நிறுவனம் பெரெட்டா, சிக் சவர் போன்ற துப்பாக்கி நிறுவனங்களுக்குக் கூடுகளைச் செய்து கொடுக்கிறது. தன் பெயரிலும் விற்கிறது. செய்தவர் ஒருவரே, பொறித்த பெயர்தான் வேறு. துப்பாக்கி நிறுவனத்தின் பெயர் பொறித்ததற்குப் பெரும்பாலும் விலை கூடுதல். அப்படியானால் இவ்விரு வகைகளையும் பிரிப்பது செய்தவர் யார் என்பதன்று. யாருடைய முத்திரையின்கீழ், யாருடைய பொறுப்பில் அது விற்கப்படுகிறது என்பதே. ஆகவே தன்வினை, பிறவினை என்னும் நம் இலக்கண வழக்கை ஒட்டி, துப்பாக்கி நிறுவனம் தன் பெயரில் விற்பதைத் ‘தன்முத்திரைக் கூடு’ என்றும், வேறு நிறுவனம் தன் பெயரில் விற்பதைப் ‘பிறமுத்திரைக் கூடு’ என்றும் அழைக்கப் பரிந்துரைக்கிறேன். பிறர் முத்திரையைத் திருடிப் பொறித்து விற்பதற்குப் ‘போலிமுத்திரை’ என்ற மூன்றாம் சொல்லும் இயல்பாகக் கிடைத்துவிடுகிறது. ‘அசல்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் பிரித்துக் காட்டவே முடியாது.

பிறமுத்திரை என்றாலே தரம் தாழ்ந்தது என்று ஆகாது. அமெரிக்க மரைன் படை 2016இல் மேக்புல் நிறுவனத்தின் பாலிமர் கூட்டைத் தன் வீரர்கள் பயன்படுத்த ஒப்புதல் அளித்தது. அவ்வீரர்களின் துப்பாக்கிகளைச் செய்தது மேக்புல் அன்று. அதே வேளையில், மலிவான பிறமுத்திரைக் கூடுகளில் குறை மிகுதி என்பதையும் மறைக்கக் கூடாது. வெறுமையான கூட்டின் உள்ளே தோட்டாக்களைத் தாங்கி மேலேற்றும் தட்டின் முன்முனையை விரலால் அழுத்திப் பாருங்கள். நன்றாகச் செய்த கூட்டில் தட்டு சாயாமல் மட்டமாகவே கீழிறங்கும். குறையுள்ளதில் முன்பக்கம் மட்டும் அமிழ்ந்து, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். சுடும்போது அந்தச் சாய்வினால் தோட்டாவின் மூக்கு தாழ்ந்து, துப்பாக்கியில் அது வெடிக்கும் அறைக்குள் செல்லாமல் முட்டி நின்றுவிடுகிறது. தட்டை மேலே தள்ளும் சுருள்வில்லின் எஃகு சரியாகப் பதப்படுத்தப்படாவிட்டால் அடுத்த தோட்டா உரிய நேரத்தில் மேலெழாது. கூட்டின் வாயில் தோட்டாவைப் பிடித்திருக்கும் விளிம்புகளின் இடைவெளி சிறிது அகன்றாலும் தோட்டா முன்கூட்டியே நழுவும். விலை வேறுபாட்டின் பெரும்பகுதி இந்த மூன்று இடங்களில்தான் ஒளிந்திருக்கிறது. ஆகவே இவற்றுக்குத் தெளிவான சொற்கள் இல்லாமல் நம்பகத்தைப் பற்றித் தமிழில் எழுத முடியாது.

மேலேற்றும் தட்டுக்கு ‘ஏந்தி’ என்று வைக்கலாம். ‘தாங்கி’ என்பது பேரிங் என்பதற்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது. தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல்விளிம்புக்குச் சிலர் ‘இதழ்’ என்று முன்மொழிந்தார்கள். அழகான சொல்தான், ஆனால் மேகசின் என்பதற்கு ஏட்டுப் பொருளில் ‘இதழ்’ என்றே நாம் எழுதிவருவதால், ‘கூட்டின் இதழ்’ என்று படிப்பவர் கட்டாயம் குழம்புவார். ‘வாய்விளிம்பு’ போதும். அடியை மூடும் தகட்டுக்கு ‘அடித்தட்டு’ என்பதில் யாருக்கும் மறுப்பிருக்காது என்று நம்புகிறேன்.

கிளிப் என்பதை மட்டும் கூட்டோடு சேர்த்து எழுத வேண்டாம். அது தோட்டாக்களை வரிசையாகக் கவ்விப் பிடிக்கும் தகடு மட்டுமே. அதற்குக் ‘கவ்வி’ என்பதா, ‘கோவை’ என்பதா என்பதில் எனக்கு இன்னும் முடிவு எட்டவில்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.